தரலாம்

2019 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு பதினொன்றரை மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். பிள்ளைகள் இப்படி ஆரம்பித்தாலே வயிறு கலங்கிவிடும். போனைக் காதில் வைத்தபடியே கார்ச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

அவனுக்கு அப்போது 20 வயது. அக்கா குடும்பம் நியூ ஜெர்சியில். அவன் மட்டும் இங்கே டெக்சஸில், என் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு கல்லூரி ஊரில் படித்துக்கொண்டிருந்தான். ஹூஸ்டனிலிருந்து படிக்க வந்த ஒரு கறுப்பினப் பையனும் அவனும் ஒரே அபார்ட்மென்டில் தங்கியிருந்தார்கள். அன்றிரவு இருவரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் காரை நிறுத்தியிருக்கிறது. கார் என் அக்கா மகனுடையது. ஓட்டியதும் அவன்தான். கஞ்சா வாசனை வருகிறது என்று அதிகாரி காரைச் சோதித்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. நாலைந்து கிராம் இருக்கும். யாருடையது என்று கேட்டதற்கு, எங்கள் இரண்டு பேருடையதும்தான் என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

என் அக்கா மகன் கையில் ஒரு தாளைக் கொடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியில் கோர்ட்டுக்கு வந்துவிடு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவன் நண்பனுக்குக் கைவிலங்கு மாட்டி கவுன்டி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் ஜெயிலின் முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்கு வாடா" என்றேன். "அவன் வெளியே வராம நான் வர மாட்டேன் சித்தி" என்றான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பேச்சில் பாதியாகிவிட்டது. நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விடிகாலை மூன்று மணி வாக்கில் அந்தப் பையனின் அம்மா ஹூஸ்டனிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மருத்துவமனைச் சீருடையில் இருந்தார். வேலையிலிருந்து நேரே கிளம்பியிருக்க வேண்டும். உள்ளே வந்ததும் முதலில் என் அக்கா மகனைக் கட்டிக்கொண்டு, "உன்னை விட்டுவிட்டார்களா? நல்லது, நல்லது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த தாளை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். குற்றத்தின் பெயர் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "என் பிள்ளைமேல் போட்டிருப்பதும் இதேதானே?" என்றார். ஆமாம், இதேதான். ஒரு எழுத்து மாறவில்லை.

இந்த ஆறேழு வருடங்களில் அந்தத் தாளைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் கஞ்சா பிடிப்பது எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அது வேறு பேச்சு.

டெக்சஸில் 2 அவுன்சுக்கும் குறைவான கஞ்சா வைத்திருப்பது பி வகுப்புக் குற்றம். 180 நாள்வரை சிறை, 2,000 டாலர்வரை அபராதம். 2007வரை இதற்குக் கைது செய்து ஜெயிலில் சேர்ப்பதுதான் நடைமுறை. அந்த வருடம் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கவுன்டி ஜெயில்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. சின்னச் சின்ன வழக்குகளுக்கெல்லாம் ஆளை உள்ளே வைத்துச் சோறு போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஒரு ஆளைக் கைது செய்தால், அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்து எழுதி முடிப்பதற்குள் ஒரு அதிகாரிக்குப் பாதி இரவு போய்விடும். அதனால் 4 அவுன்ஸ் வரையிலான கஞ்சா, சிறு திருட்டு, சுவரில் கிறுக்குவது, செல்லாத லைசென்ஸில் ஓட்டுவது போன்ற சில குற்றங்களுக்குக் கைது செய்யாமல் ஒரு சைட்டேஷன் எழுதிக் கொடுத்து அனுப்ப வழி செய்தார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் அந்த இடத்திலேயே கொடுக்கும் சம்மன்.

எல்லாமே அந்தச் சட்டத்தின் வினைச்சொல்லில் இருக்கிறது. அதிகாரி சைட்டேஷன் "தரலாம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். "தர வேண்டும்" என்று எழுதவில்லை. யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். ஏன் தந்தாய், ஏன் மறுத்தாய் என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கும்படியும் அதில் எதுவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: குற்றம் நடந்த கவுன்டியிலேயே அந்த ஆள் குடியிருப்பவராக இருக்க வேண்டும். கோர்ட்டுக்கு வராமல் போய்விடக் கூடாது என்ற கவலை.

வக்கீல் சொன்னபிறகுதான் எங்களுக்கு இந்த நிபந்தனை விளங்கியது. என் அக்கா மகன் நியூ ஜெர்சியிலிருந்து வந்தவன். டெக்சஸ் லைசென்ஸ் புதிதாக எடுத்தபோது அபார்ட்மென்ட் முகவரியைக் கொடுத்திருந்தான். அவன் நண்பன் ஹூஸ்டனில் எடுத்த லைசென்ஸையே வைத்திருந்தான். அதில் அம்மா வீட்டு முகவரி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் முகவரி மாற்றுகிறார்கள்? மூன்று வருடமாக அதே அபார்ட்மென்டில் பாதி வாடகை கொடுத்துக்கொண்டிருந்த பையன் அட்டையின்படி வெளியூர்க்காரன் ஆகிவிட்டான்.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. முகவரிதான் காரணம் என்பதே வக்கீலின் ஊகம்தான். கைது அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். எத்தனை கிராம், எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு என்றெல்லாம் இருந்தது. இரண்டு பேரில் ஒருவனை ஏன் விட்டேன், ஒருவனை ஏன் கொண்டுபோனேன் என்று எதுவும் இல்லை. நீ இங்கேதான் குடியிருக்கிறாயா என்று கேட்டாராம், அவனும் ஆமாம் என்று முகவரியைச் சொன்னானாம். பையன்கள் இருவரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது நான் என்ன நினைப்பது? லைசென்ஸில் இருந்த ஊரா, தோலின் நிறமா? அந்த அதிகாரி நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் அதை நிரூபிக்க அவருக்கும் வழியில்லை, மறுக்க அந்த அம்மாவுக்கும் வழியில்லை. 2013இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏசிஎல்யு ஓர் அறிக்கை வெளியிட்டது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். கைதாவதில் மட்டும் கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு அதிக வாய்ப்பு. இந்த எண் தெரிந்த ஒரு தாய், காரணம் எழுதாத ஒரு தாளை எப்படிப் படிப்பார்?

அந்தப் பையனை மறுநாள் மதியம்தான் நீதிபதி முன் நிறுத்தி, சொந்தப் பிணையில் விட்டார்கள். சனிக்கிழமை காலை அவனுக்கு ஒரு காப்பிக் கடையில் வேலை. வரவில்லை, சொல்லவும் இல்லை என்று அந்த வேலை போய்விட்டது. ஜெயிலுக்குள்ளிருந்து எப்படிச் சொல்வான்? மூன்று மணியிலிருந்து மதியம்வரை அவன் அம்மா அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் வாங்கிவந்த காப்பி ஆறிப்போய்க் கீழேயே இருந்தது.

அரசியல் சட்டமாவது இதைத் தடுக்காதா என்று நினைப்போம். தடுக்காது. அதற்கான வழக்கும் டெக்சஸில்தான் நடந்தது. 1997இல் லாகோ விஸ்டா என்ற சின்ன ஊரில் கெயில் ஆட்வாட்டர் என்ற பெண் தன் இரண்டு குழந்தைகளுடன் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மூவரும் சீட் பெல்ட் போடவில்லை. அதற்கு அதிகபட்சத் தண்டனையே 50 டாலர் அபராதம்தான். ஜெயில் தண்டனையே கிடையாது. ஆனாலும் அதிகாரி அவரை விலங்கு மாட்டி அழைத்துப்போனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2001இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. அந்த அதிகாரி செய்தது தேவையில்லாத அவமானம் என்று பெரும்பான்மை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கண் முன்னே குற்றம் நடந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கைது செய்ய அதிகாரம் உண்டு என்று முடித்துவிட்டார்கள். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கே இப்படி என்றால், 180 நாள் சிறை உள்ள கஞ்சாவுக்கு யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

இங்கே வசிக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு நாங்கள் எல்லோரும் அந்தப் பையனுக்காகத்தான் பயந்தோம். எங்கள் பிள்ளை தப்பிவிட்டான் என்று அக்கா நியூ ஜெர்சியில் சாமிக்கு விளக்கேற்றினாள். பார்க்கிங் டிக்கெட் மாதிரிதானே, பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்றார் மாமா. அது அப்படிப்பட்ட தாள் இல்லை. குறித்த தேதியில் போகாவிட்டால் வாரன்ட் வரும். போனால் ஜெயிலில் சேர்த்தவனுக்கு நடக்கும் அதே வழக்குதான் நடக்கும். ஜெயிலில் கிடக்கும் ஓர் இரவு மட்டும்தான் மிச்சம். அதோடு, நண்பன் அமெரிக்கக் குடிமகன். எங்கள் பையன் கிரீன் கார்டில் இருந்தான். ஜெயிலில் கிடந்தவனுக்கு நாட்டைவிட்டு அனுப்பப்படும் பயம் கிடையாது. தாளோடு வீட்டுக்கு வந்தவனுக்கு அது இருந்தது.

குடியேற்றச் சட்டம் கஞ்சாவை மத்திய அரசின் கண்ணால்தான் பார்க்கிறது. கொலராடோவிலும் கலிபோர்னியாவிலும் கடையில் விற்கிறார்களே என்பது அங்கே செல்லாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் போதைப்பொருள் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் வெளியேற்றலாம். ஒரே ஒரு விலக்கு: சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராம்வரை, அதுவும் ஒரே ஒரு முறை. டெக்சஸ் வழக்கில் "2 அவுன்சுக்குக் குறைவு" என்றுதான் எழுதுவார்கள். 2 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 57 கிராம். நாலு கிராம் வைத்திருந்தவன் ஆவணத்தைப் பார்த்தாலும் 30க்கு மேலா கீழா என்று தெரியாது. விலக்கு கிடைத்தாலும், வெளிநாடு போய்விட்டுத் திரும்பி நுழையும்போது அது அப்படியே உதவாது; நுழைவுக்கு விதிகள் இன்னும் கடுமை. அப்புறம், டெக்சஸ் கோர்ட்டில் "ஒத்திவைத்த தீர்ப்பு" என்று ஒன்று தருவார்கள். ஒழுங்காக இருந்தால் தண்டனையே பதிவாகாது என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதை வாங்கினால் குடியேற்றச் சட்டத்தில் அதுவும் தண்டனைதான்.

ஹொசே பதீயாவின் வழக்கை வக்கீல் எங்களுக்குச் சொன்னார். ஹோண்டுராஸில் பிறந்து நாற்பது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் சட்டப்படி வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். லாரியில் கஞ்சா ஏற்றிப் போனதாகக் கென்டக்கியில் பிடிபட்டார். இத்தனை வருடம் இருந்துவிட்டீர்கள், வெளியேற்றமெல்லாம் வராது என்று அவருடைய வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அது தவறான யோசனை. 2010இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விளைவைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. தயவுசெய்து நினைவில் வையுங்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் சைட்டேஷன் இருந்தால், அது லேசாகத் தெரிகிறது என்பதற்காக ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடாதீர்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

"லாம்" என்ற ஒரு விகுதி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நியூயார்க்கைப் பார்க்கலாம். அங்கே 1977லேயே 25 கிராம்வரை சட்டைப்பையில் வைத்திருப்பதைக் குற்றம் என்ற நிலையிலிருந்து இறக்கி, முதல் முறைக்கு 100 டாலர் அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பொது இடத்தில் புகைத்தாலோ வெளியே தெரியும்படி வைத்திருந்தாலோ மட்டும் குற்றம். அவ்வளவு தெளிவான சட்டம். ஆனாலும் 2011இல் அந்த நகரத்தில் 50,000க்கும் மேற்பட்டோர் இந்தச் சின்ன அளவு கஞ்சாவுக்காகக் கைதானார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும். எப்படி? தெருவில் நிறுத்தி, பையில் இருப்பதை வெளியே எடு என்பார்கள். பையன் பயந்து எடுப்பான். எடுத்ததும் அது "வெளியே தெரியும்படி" ஆகிவிடும். டிக்கெட்டாக இருந்தது கைதாகிவிடும். அந்த செப்டம்பரில் போலீஸ் ஆணையர் ரேமண்ட் கெல்லி, அதிகாரி சொல்லி வெளியே எடுத்ததற்குக் கைது செய்யக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 2014 நவம்பரில்தான், வெளியே தெரிந்தாலும் 25 கிராம்வரை சம்மன் போதும் என்று ஆணையர் பிராட்டன் காலத்தில் மாற்றினார்கள். 2021இல் அங்கே கஞ்சாவே சட்டப்பூர்வமாகிவிட்டது. இடையில் கைரேகை கொடுத்துவிட்டு வந்த ஆயிரக்கணக்கான பையன்களுக்கு வயதாகிவிட்டது.

என் அப்பா தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "கஞ்சா கேஸ் போட்டுடுவேன்" என்ற மிரட்டல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. அப்பா அந்த வார்த்தையை வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல விடமாட்டார். பேரன் விஷயத்தை அவரிடம் மறைக்கலாம் என்று அக்கா சொன்னாள். என்னால் முடியவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த ஊரா இருந்தா என்ன, யாரைக் கூட்டிட்டுப் போறது, யாரை அங்கேயே விடுறதுன்னு ஏட்டுதாம்மா முடிவு பண்றான். மேல இருக்கிறவங்க கையெழுத்துதான் போடுறாங்க. அதனாலதான் எழுதச் சொல்லணும். எழுதச் சொன்னா கை கொஞ்சம் நிக்கும்" என்றார்.

எழுதச் சொல்வது என்று அவர் சொன்னது எதை என்று அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் தந்த தீர்ப்பு. ஏழு வருடம்வரை தண்டனை உள்ள குற்றங்களில் தானாகக் கைது செய்துவிடக் கூடாது. கைது ஏன் தேவை என்று காரணங்களைப் பட்டியலில் குறித்து மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும். கைது செய்யவில்லை என்றாலும் அந்த முடிவைத் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டும் படிக்காமல் காவலில் வைக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைதுக்குப் பதில் தரும் 41ஏ நோட்டீஸ் என்பது இந்த ஊர் சைட்டேஷனின் உறவுக்காரன்தான். இப்போது புதிய சட்டத்தில் அது 35ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. நம்மூரில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பட்டியலையும் கடனுக்கு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் காரணம் தாளில் இருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு நீதிபதியிடம் கேட்க முடியும். ஹூஸ்டனிலிருந்து ஓடிவந்த அந்த அம்மாவுக்கு அன்று கேட்கக்கூட ஒரு வரி கிடைக்கவில்லை.

டெக்சஸிலும் முயற்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டின் நகர மன்றம் 2018 ஜூனில், சைட்டேஷன் தரக்கூடிய இடத்தில் கைது செய்வதைக் குறைக்கவும், யாரை ஏன் கைது செய்தார்கள் என்ற கணக்கை வெளியிடவும் தீர்மானம் போட்டது. சான் மார்கோஸ் நகரம் 2020 ஏப்ரலில் அதை நகரச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஆனால் மிகப் பெரிய மாற்றம் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2019 ஜூனில் ஹெம்ப் என்ற நார்ச்செடியைப் பயிரிட அனுமதிக்கும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஹெம்பும் கஞ்சாவும் ஒரே செடி. போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கஞ்சா. அந்தச் சதவீதத்தை அளந்து சொல்லும் வசதி பெரும்பாலான ஆய்வகங்களில் இல்லை. வழக்குகள் நிற்காது என்று பல கவுன்டிகளின் அரசு வக்கீல்கள் நூற்றுக்கணக்கில் கைவிட்டார்கள். மாநிலப் போலீஸே ஜூலையில் தன் அதிகாரிகளிடம், சின்ன அளவு கஞ்சாவுக்கு முடிந்தவரை சைட்டேஷன் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பல கவுன்டிகள் அசட்டை செய்த ஒரு வழி, ஆய்வகத்தில் கருவி இல்லை என்றதும் ஒரே மாதத்தில் திறந்துகொண்டது. அப்படியென்றால் இத்தனை நாளும் முடியாது என்று யாரும் இல்லை, வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

எங்கள் பையன்கள் இரண்டு பேர் வழக்கையும் அந்தக் கோடையில்தான் கைவிட்டார்கள். கைதுப் பதிவை அழிக்க நண்பன் தனியாக மனு போட வேண்டியிருந்தது. அதற்கும் வக்கீல், கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் ஒரு பயிற்சி வேலைக்கான பின்புலச் சோதனையில் அந்த இரவு எழுந்து வந்து நின்றது. வேலை கிடைக்கவில்லை. இருவரும் இன்னமும் நண்பர்கள்தான். அக்கா மகன் கல்யாணத்தில் அவன் வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் பரிமாறினான். அவன் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைய இரவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

போன ஆகஸ்டில் என் மகள் வேறு கவுன்டியில் உள்ள கல்லூரிக்குப் போனாள். பெட்டிகளை இறக்கி வைத்த கையோடு, இந்த வாரமே லைசென்ஸில் முகவரியை மாற்றிவிடு என்றேன். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?" என்றாள். கட்டிலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த அண்ணா அட்ரஸ் மாத்தியிருந்தா விட்டிருப்பாங்களாம்மா?" என்றாள்.

"விட்டிருக்கலாம்" என்றேன்.